கையெழுத்துத் தேடுகிற தொழில்

எல்லோருக்கும் வணக்கம். சட்டம் படித்து முடித்த தம்பி தங்கச்சிமாருக்கு, கடை கட்டடக் காணிகளில் என் அனுபவத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். கொலை வழக்குப் பேசியவரைக் கூப்பிட்டிருந்தால் கதை சுவையாக இருந்திருக்கும். என் காலத்தில் பெரும்பகுதி காணிப் பதிவகத்து இடாப்புகளோடு போனது.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு கடை விலைக்கு வருகிறது என்று வையுங்கள். வாங்குபவரிடம் காசு இருக்கிறது, வங்கியும் கடன் தரும். உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தைப் பிரித்தால் காணி காலமான பாட்டனாரின் பெயரில்! அவருக்குப் பிள்ளைகள் ஐந்து பேர். ஒருவர் ரொறன்ரோவில், இருவர் லண்டனில்; ஒருவர் காலமாகி, அவருடைய மக்கள் பாரிஸில். கடையில் இருக்கிற தம்பியார் முழுவதும் தன்னுடையது என்றே நினைத்திருப்பார். அவருக்கு ஐந்தில் ஒரு பங்குதான். மற்ற நான்கு பங்குக்கும் கையெழுத்துத் தேடுவதுதான் நமது தொழில். வெளிநாட்டில் இருப்பவர் தனக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்குக் கொடுக்கிற அதிகாரப் பத்திரமான அற்றோணித் தத்துவம் வந்துவிட்டது என்று உடனே உறுதி எழுதப் போகாதீர்கள். அதைக் கொடுத்தவர் இறந்துவிட்டால் தத்துவமும் அதோடு முடிந்தது. ‘பெரியம்மா சுகமாக இருக்கிறாவோ’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். விசாரிப்பு மாதிரியும் இருக்கும்.

இதற்கு மேல் தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டம். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த வழக்கம், இன்றைக்கும் கடை விற்பனையில் குறுக்கே நிற்கும். பங்காளி தன் பங்கை வெளியாளுக்கு விற்பதற்கு முன் மற்றப் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும். அதற்கு 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அறிவிக்காமல் விற்றால் வழக்கு வரும். அப்புறம், 1911ஆம் ஆண்டுச் சட்டம். மனைவியின் சீதனக் கடையாக இருந்தாலும், அதை விற்கக் கணவரின் எழுத்துச் சம்மதம் கேட்கிறது. கணவர் தன் முதுசத்தை, அதாவது பெற்றோர் வழி வந்த சொத்தை விற்க மனைவியைக் கேட்கத் தேவையில்லை. எனக்கு இது ஒருநாளும் ஒப்பவில்லை. இருந்தாலும் அந்தக் கையெழுத்தை வாங்காமல் நான் உறுதி முடித்ததில்லை.

யுத்தகாலத்தில் பூட்டிக் கிடந்த கடைகள் வேறு கதை. உரிமையாளருக்கு எதிராகப் பத்து வருடம் காணியைத் தன்னுடையதாக வைத்து எதிராட்சி செய்தவர் உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டுச் சட்டம். இடம்பெயர்ந்தவன் எப்படி வந்து மறிப்பான்? ஆயுதக் குழுக்களின் செயல்களால் வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்கு 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று 2016இல்தான் ஒரு சட்டம் வந்தது. அதற்குள் எத்தனையோ பேர் காணியைக் கைவிட்டுவிட்டார்கள்.

வாடகைக்கு வருவோம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். 1840 முதல் இதுதான் சட்டம். நம் வியாபாரிகளோ லட்சக்கணக்கில் கீ மணி என்ற முன்பணம் கொடுத்துவிட்டு, முத்திரை ஒட்டிய ஒரு தாளை ஐந்து வருட ஒப்பந்தம் என்று லாச்சியில் பூட்டி வைக்கிறார்கள். கடையின் சொந்தக்காரர் அதை வேறொருவருக்கு விற்கிற அன்றுதான் அந்தத் தாள் நம் மேசைக்கு வரும். சரி, இனி நீங்கள் கேளுங்கள். காணி விலை மட்டும் கேட்க வேண்டாம், அது தரகர்மாரின் இலாகா.