கைம்மண்ணையும் அளந்துதான் சொன்னார்கள்

(பட்டிமன்றத் தலைப்பு: மாதந்தோறும் படித்ததைக் குறித்து வைப்பதும் அடுத்துப் படிப்பதைத் திட்டமிடுவதும் வாசிப்பை வளர்க்குமா, கெடுக்குமா? ‘வளர்க்கும்’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, “காதல் கடிதத்தை யாராவது எண்ணுவார்களா? புத்தகத்தை மட்டும் ஏன் எண்ண வேண்டும்?” என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். சரி தம்பி, எண்ண வேண்டாம். எதை யாருக்கு எழுதினோம் என்பதாவது நினைவில் இருக்க வேண்டாமா? இல்லாவிட்டால் விளைவு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

எனக்கு அந்த நினைவு இருந்ததில்லை நடுவரே. ஒரு துப்பறியும் நாவல் படித்துக்கொண்டிருந்தேன். எழுபதாம் பக்கத்திலேயே கொலைகாரன் யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். வயது ஏற ஏற அறிவும் ஏறுகிறதே என்று எனக்கே பெருமை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பினால், ஓரத்தில் பென்சிலில் ‘இவன்தான்!’ என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது! அன்றைக்குத்தான் ஒரு நோட்டுப் போட்டேன்.

அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே எதிரணி அதை ‘மளிகைக் கணக்கு’ என்றது. சொல்கிறேன். தொடங்கிய நாள், முடித்த நாள், யார் சொல்லி எடுத்தேன், படித்த பிறகு ஒரு வரி. அப்புறம் கடைசியாக ஒரு கட்டம்: ‘நிறுத்திய பக்கம்’. எனக்கு அதிகம் உதவியது இந்தக் கடைசிக் கட்டம்தான். ஒரே வருடத்தில் மூன்று வரலாற்று நூல்களை நாற்பது, ஐம்பது பக்கங்களிலேயே விட்டிருந்தேன். வரலாறு நமக்கு ஒத்துவராது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தொடங்கிய நாளைப் பார்த்தால், மூன்றையும் மாதக் கடைசியில் எடுத்திருக்கிறேன். அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் வாரம் அது. வீட்டுக்கு வரும்போது கண் பாதி மூடியிருக்கும். அதே நூல்களில் ஒன்றை அடுத்த மாதம் முதல் வாரத்தில் எடுத்தேன், முடித்துவிட்டேன். புத்தகத்தின் மீது போட்ட பழி தேதியின் மீது விழ வேண்டியது. நோட்டு இல்லாவிட்டால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

எதிரணி சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ‘வருடத்துக்கு ஐம்பது’ என்று இலக்கு வைத்தால் டிசம்பரில் கை தானாக மெலிந்த புத்தகத்தைத் தேடும். நானும் தேடியிருக்கிறேன். மூன்று நாளில் மூன்று புத்தகம். மூன்றுமே இன்று ஞாபகமில்லை. ஆனால் அது இலக்கு செய்த வேலை. நான் ஐம்பது என்ற இலக்கைக் கைவிட்டேன், நோட்டை வைத்துக்கொண்டேன். தலைவலிக்குத் தலையையே எடுக்கச் சொல்கிறது எதிரணி.

அடுத்து டார்வினைக் கொண்டுவந்தார்கள். பொருளியல் அறிஞர் மால்தஸின் மக்கள்தொகை நூலை 1838 அக்டோபரில் பொழுதுபோக்காகத்தான் படித்ததாக அவரே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார், இயற்கைத் தேர்வு என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது, ஆகவே திட்டம் போடாதீர்கள் என்றார்கள். நல்ல சான்று. பாதியோடு நிறுத்தியதுதான் குறை. அதே 1838-இல் அதே டார்வின் தன் வாசிப்பை நோட்டில் குறிக்கத் தொடங்கினார். அதில் ‘படிக்க வேண்டியவை’ என்று ஒரு பட்டியல், ‘படித்தவை’ என்று இன்னொன்று. 1860 வரை, இருபத்திரண்டு வருடம் எழுதினார். பொழுதுபோக்காகவும் படித்தார், குறித்தும் வைத்தார். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருந்தன. எதிரணிதான் விவாகரத்து வாங்கித் தருகிறது.

இனி ஒரு சின்னக் கணக்கு. வேலைக்குப் போகிறவர் மாதம் இரண்டு புத்தகம் படித்தால் வருடத்துக்கு 24. நாற்பது வருடம் விடாமல் படித்தால் 960. நடுவரே, ஆயிரம்கூட இல்லை! அமெரிக்கப் பாடகர் ஆர்ட் கார்ஃபங்கல் 1968 முதல் தாம் படித்ததையெல்லாம் மாதவாரியாகப் பட்டியலிட்டு வருகிறார். அரை நூற்றாண்டில் அது ஆயிரத்தைத் தாண்டிச் சில நூறுதான். இந்த எண்ணைப் பார்த்த பிறகும், கையில் கிடைத்ததைப் படிக்கிறேன் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நம்மிடம் இருப்பதோ 960 கல். எண்ணாமல் எறிய மனசு வருமா?

‘கற்றது கைம்மண்ணளவு’ என்று எதிரணித் தலைவர் முழங்கினார். அதைச் சொன்னவர்களே அளந்துதான் சொன்னார்கள் ஐயா!

திட்டம் போட்டால் மனசின் ஆசை செத்துப்போகும் என்பது அவர்களுடைய பெரிய பயம். என் திட்டம் மாதத்துக்கு மூன்றே வரி. முதல் வரி கனமான ஒன்று, பெரும்பாலும் போன மாதப் புத்தகம் எழுப்பிய ஒரு கேள்விக்குப் பதில் தேடி. இரண்டாவது வரி, படுக்கையில் படிக்க இலேசானது. மூன்றாவது வரியை எழுதவே மாட்டேன். நண்பர் கொடுத்தது, நூலகத்தில் கண்ணில் பட்டது, எது வந்தாலும் அங்கே உட்காரும். எதிரணி இரண்டு மணி நேரமாகக் கேட்கும் சுதந்திரத்துக்கு நான் மாதாமாதம் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். வாங்கி அடுக்கிவிட்டுப் படிக்காமல் விடுவதற்கு ஜப்பானியர்கள் ‘சுன்டோகு’ என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். மனம் போன போக்கில் போகும் நண்பர்களின் அலமாரியை எட்டிப் பாருங்கள், அந்தச் சொல்லுக்குப் பொருள் விளங்கும். மனம் போனது உண்மை, கூடவே அவர்கள் போகவில்லை.

இன்னும் இரண்டு சான்று இருக்கிறது... மணி அடித்துவிட்டீர்கள். பரவாயில்லை. எத்தனை நிமிடம் பேசினேன், அடுத்து யார் பேச வேண்டும் என்று நடுவர் மேசையில் ஒரு தாள் இருப்பதை எதிரணி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் பேச வரட்டும். நன்றி, வணக்கம்.