பாலம் சேர்த்த ஊர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இன்று நாம் ஒரே ஊராகவே எண்ணிப் பேசுகிறோம். 1843-க்கு முன்பு அப்படிப் பேசியிருக்க முடியாது. நடுவே தாமிரபரணி ஓடியது. அக்கரைக்குப் போக வேண்டுமானால் படகுத்துறையில் காத்துக் கிடக்க வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தார் என்னும் தலைமைப் பணியாளராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, 11 வளைவுகளோடு எழுப்பிய பாலம் அந்த ஆண்டு திறக்கப்பட்ட பிறகுதான், நெல்லையப்பர் கோயிலையும் கடைவீதிகளையும் கொண்ட டவுனும், பள்ளிக்கூடங்கள் பெருகிய பாளையும் ஒன்றை நம்பி ஒன்று வளரத் தொடங்கின. 1994-இல் மாநகராட்சி அமைந்தபோது, மேலப்பாளையத்தையும் தச்சநல்லூரையும் சேர்த்துக்கொண்டு இவை சட்டப்படி ஒன்றாயின. மக்களின் கால்கள் அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே அந்த இணைப்பைச் செய்துவிட்டன என்பது என் துணிபு.

1876-இல் வந்த ரயில் டவுனுக்குள்ளும் போகவில்லை, பாளைக்குள்ளும் போகவில்லை. இரண்டுக்கும் இடையில் நின்றது. அங்கே விடுதிகளும் கடைகளும் எழுந்து, ஜங்ஷன் என்ற மூன்றாவது ஊர் உருவாயிற்று. ரயில்வே சூட்டிய பெயரையே மக்கள் ஊர்ப்பெயராக எடுத்துக்கொண்டார்கள். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தின் பெயரைத் தாங்கிய கே.டி.சி. நகரும் அப்படித்தான், அந்தக் கழகம் பெயர் மாறிய பின்னும் குடியிருப்பு பழைய பெயரை விடவில்லை.

ஆனால் ஒரு நகரத்தை நகரமாக்குவது டவுன் பஸ்தான் என்று நான் நினைக்கிறேன். காலை எட்டு மணிக்குப் பாலம் ஏறும் பேருந்தைப் பாருங்கள். நின்றுகொண்டு வரும் மாணவி, உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஆச்சியின் மடியில் புத்தகப்பையைக் கொடுக்கிறாள். ஆச்சி ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி வைத்துக்கொள்கிறாள். வண்ணார்பேட்டை வருவதற்குள் எந்தப் பள்ளி, எந்தத் தெரு என்பதெல்லாம் பேசி முடிந்துவிடுகிறது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றான பிறகு, கைக்காசை எண்ணி வீட்டோடு இருந்தவர்களும் இந்தப் பேச்சில் சேர்ந்திருக்கிறார்கள்.

2003-இல் வேய்ந்தான்குளத்தில் புதிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டதும் வெளியூர் பஸ்கள் அங்கே போயின. அந்தப் பக்கம் வீடுகளும் கடைகளும் நெருங்கின. அது வளர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆயினும் குளம் என்ற பெயர் சும்மா வந்ததல்ல. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷனும் கொக்கிரகுளமும் தண்ணீரில் நின்றதைக் கண்ட நமக்கு, சாலை போடுமுன் நீர் போகும் வழியைக் கேட்க வேண்டும் என்பதைப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே இந்த மேடையில் நான் கேட்பது பெரிய மேம்பாலம் அல்ல. புறநகர்க் குடியிருப்புகளின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு நிழற்குடை, உட்கார ஒரு திண்டு, கடையடைத்துவிட்டு டவுனிலிருந்து வீடு திரும்பும் பெண்களுக்கு இரவு பத்து மணிக்கு ஒரு பேருந்து.