ஆறு போட்டோ, பத்து வருடச் சிறை! சாட்சி காட்டும் அடையாளத்தை கோர்ட் நம்பலாமா?

கோர்ட்டில் ஒரு பெண் துளிச் சந்தேகமும் இல்லாமல் குற்றவாளியை அடையாளம் காட்டுகிறார். அவர் சொல்வதில் ஒரு பொய் கூட இல்லை. ஆனாலும் அவர் காட்டிய ஆள் நிரபராதி!

வீடியோவை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். கடைசியாக உங்களுக்குப் பார்சல் கொண்டு வந்தவரின் மூக்கு எப்படி இருந்தது? வரவில்லை, இல்லையா?

(திரையில்: வட கரோலினா, 1984)

22 வயதுக் கல்லூரி மாணவி. வீடு புகுந்தவன் பாலியல் வன்கொடுமை செய்கிறான். பிழைத்தால் இவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று அந்த நேரத்திலும் அவன் முகத்தை உற்றுப் பார்த்து மனதில் ஏற்றிக்கொள்கிறார். எப்பேர்ப்பட்ட துணிச்சல்!

போலீஸ் ஆறு போட்டோக்களைக் காட்டியது. சில நிமிடங்கள் பார்த்துவிட்டு ரொனால்ட் காட்டன் என்பவரின் படத்தை எடுத்தார். அப்புறம் ஆட்களை நேரில் நிறுத்தி ஒரு அணிவகுப்பு. இந்த இடத்தைக் கவனியுங்கள். போட்டோவிலும் இருந்து, வரிசையிலும் நின்றவர் காட்டன் ஒருவர்தான். மறுபடியும் அவரையே காட்டினார். போட்டோவில் எடுத்ததும் இவரைத்தான் என்று போலீஸ் சொன்னது. அவ்வளவுதான், அன்றிரவு பார்த்த முகம் அழிந்து, அங்கே காட்டனின் முகம் உட்கார்ந்துவிட்டது.

1987-ல் மறுவிசாரணை. உண்மையான குற்றவாளியையே அந்தப் பெண் முன்னால் கொண்டு வந்து நிறுத்தினார்கள். இவனைப் பார்த்ததே இல்லை என்றார்! எனக்கு இன்னும் ஆறவில்லை. 1995-ல் டிஎன்ஏ சோதனை வந்த பிறகுதான் காட்டன் வெளியே வந்தார். பத்து வருடத்துக்கு மேல் போய்விட்டது.

சரி, சட்டத்துக்கு வருவோம். சாட்சி எவ்வளவு நன்றாகப் பார்த்தார், எவ்வளவு கவனித்தார், முதலில் சொன்ன அங்க அடையாளம் பொருந்துகிறதா, குற்றம் நடந்து எத்தனை நாள் ஆனது, எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்று பார்க்கச் சொன்னது அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1972-ல். 1977-ல் ஒரே ஒரு போட்டோவைக் காட்டிப் பெற்ற அடையாளத்தைக் கூட ஏற்றுக்கொண்டது. அந்தக் கடைசி அளவுகோலை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். உறுதிக்கு என்ன குறைச்சல் காட்டன் வழக்கில்?

நம் ஊரில் போட்டோவை முன்பே காட்டிவிட்டால், பிறகு நடத்தும் அடையாள அணிவகுப்புக்கு மதிப்புப் போய்விடும். தலைமறைவாக இருப்பதாக அறிவிக்கப்பட்டவரைப் போட்டோ பார்த்து அடையாளம் சொன்னாலே அணிவகுப்புக்குச் சமம் என்றது பயங்கரவாதத்துக்கு எதிரான தடா சட்டத்தின் 22-வது பிரிவு. கர்தார் சிங் வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சபாஷ்!

என்னைக் கேட்டால், சந்தேக நபர் யாரென்றே தெரியாத அதிகாரிதான் போட்டோவைக் காட்ட வேண்டும். குற்றவாளி இதில் இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சாட்சி முதலில் சொல்லும் வார்த்தையும், அதற்கு முந்தைய தயக்கமும் கேமராவில் பதிவாக வேண்டும். வக்கீல்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், இது உங்கள் கோர்ட்டில் நடக்கிறதா என்று அவசியம் எழுதுங்கள்.