நிரந்தரம் சரி, எந்தத் தேதியிலிருந்து?

(சென்னை சேப்பாக்கத்தில் தினக்கூலிப் பணியாளர்கள் கூட்டத்தில் பேசியது. பேச்சின் போக்கை மாற்றாமல் எழுத்தில்.)

தோழர்களே, எனக்கு முன்னால் பேசிய எல்லோரும் "பணி நிரந்தரம் செய்" என்று முடித்தார்கள். நீங்கள் கை தட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் நான் ஒரு துறையின் நிர்வாகப் பிரிவில் உட்கார்ந்து, இந்த மாதிரிக் கோப்புகளைப் புரட்டியே பென்ஷனுக்கு வந்தவன். அந்த முறையில் சொல்கிறேன், இந்தக் கோரிக்கை பாதிதான். "எந்தத் தேதியிலிருந்து?" என்பது மீதிப் பாதி. அதைக் கேட்காமல் விட்டால் ஆணை வந்த அன்று ஆபீஸ் முழுக்க லட்டு கொடுப்பீர்கள், ஓய்வு பெறுகிற அன்று கணக்குப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து உட்காருவீர்கள். அப்படி வந்து உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர்.

கொஞ்சம் பழைய கதை. 2001 நவம்பர் 29-ல் அரசாணை எண் 212 வந்தது. சில பிரிவுகளைத் தவிர்த்து மற்ற இடங்களில் நேரடி நியமனத்துக்குத் தடை. சரி, ஆணை போட்டாயிற்று. அலுவலகம் குப்பை போடுவதை நிறுத்துமா? இரவு வாட்ச்மேன் இல்லாமல் ஸ்டோர் ரூம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளுமா? ஆள் வேண்டும், ஆனால் நியமிக்கக் கூடாது என்றால் அதிகாரி என்ன செய்வார்? சில்லறைச் செலவினத்தில் தினக்கூலிக்கு ஆள் எடுப்பார். எடுத்தார்கள். அந்தத் தடை 2006 பிப்ரவரி 7-ல்தான் விலகியது. நாலு வருஷத்துக்கு மேல் முன்வாசலைப் பூட்டி வைத்துவிட்டு, உள்ளே இருக்கிறவனைப் பார்த்து "நீ எந்த வழியாக வந்தாய்?" என்று கேட்கிறது அரசு.

அதே பிப்ரவரி 28-ல் அரசாணை எண் 22. உங்களில் பலருக்கு இந்த எண் மனப்பாடம். 1.1.2006 அன்று பத்து ஆண்டு முடித்த தினக்கூலிப் பணியாளர்களை வரன்முறை செய்யலாம், அதாவது நிரந்தரமாக்கலாம் என்றது. நல்ல ஆணைதான், அதனால் பலன் பெற்றவர்கள் உண்டு. ஆனால் தேதியைக் கவனியுங்கள். 1996 ஜனவரிக்கு முன் வந்திருந்தால் உள்ளே. அந்த வருஷம் பொங்கலுக்கு அப்புறம் சேர்ந்திருந்தால் வெளியே. பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே துடைப்பத்தை மாற்றி மாற்றிப் பிடித்த இரண்டு பேரில் ஒருவருக்குக் காலமுறை ஊதியம், இன்னொருவருக்கு இன்றைக்கும் கலெக்டர் நிர்ணயிக்கிற நாள் கூலி. 2013-ல் வந்த அரசாணை 74 அதை இன்னும் இறுக்கியது. முழுநேரப் பணியா, வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாக வந்தவரா, அந்த 1.1.2006-ல் பத்து ஆண்டு இருந்ததா என்று கேட்டது.

இதற்கு நடுவில் 2006 ஏப்ரல் 10-ல் உமாதேவி வழக்கின் தீர்ப்பு. தற்காலிகப் பணியாளர்கள் நிரந்தரம் கேட்ட கர்நாடக வழக்கு, உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் அமர்வு. இந்தத் தீர்ப்பை நம் மேடைகளில் வில்லன் மாதிரித் திட்டுவார்கள். நான் திட்ட மாட்டேன். அரசு வேலை என்றால் விளம்பரம் வேண்டும், எல்லோருக்கும் போட்டியிட வாய்ப்பு வேண்டும், இட ஒதுக்கீட்டுச் சுழற்சி வேண்டும் என்று அது சொன்னது. 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டுக்காக அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை வரை போன ஊர்க்காரர்கள் நாம். அதிகாரிக்குத் தெரிந்தவன், கவுன்சிலர் சிபாரிசு என்று உள்ளே வருவதை நியாயப்படுத்த நமக்கு வாய் வராது, வரவும் கூடாது. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் உங்கள் வீட்டிலும்தான் இருக்கிறார்கள்.

ஆனால் அதே தீர்ப்பின் 53-வது பத்தியை யாரும் சத்தமாகப் படிப்பதில்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில், தகுதியோடு, நீதிமன்ற ஆணையின் தயவு இல்லாமல் பத்து ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர்களை, ஒரு முறை மட்டும் என்கிற கணக்கில் வரன்முறை செய்யுங்கள், ஆறு மாதத்தில் அந்த வேலையைத் தொடங்குங்கள் என்று அரசுகளுக்குச் சொன்னது அந்தப் பத்தி. துறைகள் தீர்ப்பின் மற்றப் பக்கங்களை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டன. எனக்குள்ள கோபம் அதில்தான். பின்வாசலால் வந்தவனை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கிறோம், பின்வாசலைத் திறந்துவிட்ட கை எது என்று ஒரு கோப்பிலும் கேட்டதில்லை.

"அனுமதிக்கப்பட்ட பணியிடம்" என்கிறார்களே, அதன் கூத்தைச் சொல்கிறேன். ஒரு அலுவலகத்தில் வாட்ச்மேன் பணியிடம் ஒன்று இருக்கிறது. அதில் இருந்தவர் ஓய்வு பெறுகிறார். பணியிடத்தை நிரப்பாமல் சரண்டர் செய்து, அதாவது வேண்டாம் என்று ஒப்படைத்து, கணக்கில் சிக்கனம் காட்டுகிறார்கள். மறுநாள் அதே கேட்டில், அதே ஸ்டூலில், தினக்கூலியாக இன்னொருவர் உட்கார்கிறார். பதினைந்து வருஷம் கழித்து அவர் மனு போடுகிறார். கோப்பு கோட்ட அலுவலகம், வட்ட அலுவலகம், தலைமை அலுவலகம் என்று ஏறி, தலைமைச் செயலகம் போய், நிதித் துறையில் ஒரே வரி எழுதி வாங்கிக்கொண்டு திரும்புகிறது: "காலிப் பணியிடம் உள்ளதா என்ற விவரம் தெரிவிக்கவும்." இல்லை என்று எழுதினால் கோப்பு முடிந்தது. பணியிடத்தைக் கொன்றது யார் என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

இப்போது மஸ்டர் ரோலுக்கு, அதாவது தினக்கூலி வருகைத் தாளுக்கு வருகிறேன். என்.எம்.ஆர். என்பீர்கள். அந்தத் தாளை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கையெழுத்துப் போடும்போது கட்டை விரலுக்குக் கீழே தெரிகிற இடம் மட்டும்தானே? (கூட்டத்தில் சிரிப்பு.) அடுத்த முறை முழுசாகப் பாருங்கள். பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், தேதிவாரியாக வருகை, நாள் எண்ணிக்கை, கூலி விகிதம், கையெழுத்து. மாதக் கடைசியில் இரண்டு நாள் கட்டம் காலியாக இருக்கும். நீங்கள் வேலைக்கு வந்திருப்பீர்கள், தாளில் வந்திருக்க மாட்டீர்கள். அதுதான் பிரேக். தொடர்ச்சியான பணி என்று நாளைக்கு நீங்கள் சொல்லக் கூடாது என்பதற்காக அன்றைக்கே போட்டு வைத்த முடிச்சு. சில இடத்தில் இன்னும் கெட்டிக்காரத்தனம்: ஒரு மாதம் முனியம்மா, மறு மாதம் முனியம்மாள், அதற்கடுத்த மாதம் அவர் வீட்டுக்காரர் பெயர். ஒரே ஆள் மூன்று பேராகி, மூன்று பேருக்கும் சர்வீஸ் இல்லாமல் போகும். எல்லாரும் சதி செய்து எழுதுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன், பாதி சோம்பேறித்தனம். ஆனால் கோர்ட்டில் நிற்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

இத்தனையும் செய்கிற இதே மாநிலத்தில் 1981-லேயே ஒரு சட்டம் இருந்தது, தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். தொழில் நிறுவனத்தில் ஒருவர் 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்றது அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வைத்திருப்பவருக்கு 480 நாள், அரசு தனக்கு என்றால் இருபது வருஷம் போதாது!

இப்போது தேதி விஷயம். 1.4.2003-ஐ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கும் அதற்கு அப்புறமும் பணியில் சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் தள்ளினார்கள். அந்தத் திட்டத்தில் சம்பளத்தில் பத்து விழுக்காடு பிடித்தார்கள், அரசு அதே அளவு போட்டது, பழைய பென்ஷன் இல்லை. 1992-ல் தினக்கூலியாக வந்தவரை 2008-ல் வரன்முறை செய்து, "ஆணை வெளியிடும் நாள் முதல்" என்று ஒரு வரி போட்டால் என்ன ஆகும்? அரசு கணக்குப்படி அவர் 2008-ல் சேர்ந்தவர். பதினாறு வருஷ உழைப்பு ஒரு வரியில் போயிற்று. தினக்கூலிக் காலத்தில் பாதியைப் பென்ஷனுக்குச் சேர்க்கலாம் என்று 1978-ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளில் 11-வது விதி இருக்கிறது, அதுவும் 1.4.2003-க்கு முன் வரன்முறை ஆனவர்களுக்குத்தான் என்று ஆகிவிட்டது. ஆணையில் முதல் பக்கத்தைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள், கடைசிப் பத்தியில் "முதல்" என்ற சொல்லுக்கு முன்னால் என்ன தேதி இருக்கிறது என்று பாருங்கள்.

அந்தத் தேதியை மாற்ற முடியுமா என்றால், இப்போது முடியும் என்று தோன்றுகிறது. 2024 டிசம்பர் 20-ல் ஜக்கோ வழக்கு. மத்திய நீர் ஆணையத்தில் பெருக்கவும் தோட்ட வேலைக்கும் வந்தவர்கள், தொண்ணூறுகளிலிருந்து வேலை பார்த்தவர்கள். 2018-ல் வெளியே அனுப்பிவிட்டார்கள். உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு காலம் காலமாக வேலை வாங்கிக்கொண்டே இருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, அவர்களை வரன்முறை செய்யச் சொன்னது. வேலை பார்க்காத இடைக்காலத்துக்குச் சம்பளம் இல்லை, ஆனால் அந்தக் காலம் ஓய்வுக்காலப் பலனுக்குச் சேரும் என்றது. 2025 ஆகஸ்ட் 19-ல் தரம் சிங் வழக்கு இன்னும் ஒரு படி மேலே. உத்தரப் பிரதேசத்தில் 1989-க்கும் 1992-க்கும் இடையில் தினக்கூலியாக வந்தவர்கள். பணியிடம் இல்லை, நிதி இல்லை என்று அரசு சொன்னது. இல்லாவிட்டால் கூடுதல் பணியிடத்தை உருவாக்கு என்று சொல்லி, 24.4.2002 முதல் வரன்முறை என்று தேதியையும் நீதிமன்றமே போட்டது. நிலுவையும் உண்டு. நிதித் துறையின் அந்த ஒற்றை வரிக் கேள்விக்கு இப்படியும் ஒரு பதில் இருக்கிறது.

ஆனால் அரசு சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தினக்கூலி என்றால் நாளைக்கு உரிமை கேட்பான், ஏஜென்சி ஆள் என்றால் "உன் முதலாளி நான் இல்லை" என்று சொல்லிவிடலாம். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பதிமூன்று நாள் உட்கார்ந்தார்கள், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததற்காக. நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. அவர்கள் கேட்டதும் பணி நிரந்தரம்தான். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்தத் திசையில்தான் போகிறது. டாஸ்மாக் கடைகளை 2003-ல் அரசே எடுத்து நடத்த ஆரம்பித்தது, கஜானாவுக்குக் கொட்டுகிற அந்தக் கடைகளில் நிற்கிறவர்கள் தொகுப்பூதியத்துக்கு வந்தவர்கள், இன்னும் நிரந்தரம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு தங்கச்சி கீழே இருந்து கேட்கிறார், "எங்க ஆபீஸ்ல அடுத்த மாசத்துல இருந்து ஏஜென்சி வழியாத்தான் சம்பளம்னு சொல்லி ஃபார்ம்ல கையெழுத்து கேக்கறாங்க, போடலாமா ஐயா?" என்று.

போடாதே என்று நான் சொன்னால் அடுத்த மாத வாடகையை நான் தரப்போவதில்லை, அதனால் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படிவத்தில் "பணியில் சேர்ந்த நாள்" என்ற கட்டத்தில் அவர்கள் அடுத்த மாதம் ஒன்றாம் தேதியைப் போட்டு வைத்திருப்பார்கள். நீங்கள் முதல் முதலாக அந்த அலுவலகத்துக்கு வந்த நாளைப் பக்கத்தில் எழுதி, எதிர்ப்புடன் கையெழுத்திடுகிறேன் என்று சேர்த்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கொடுங்கள். அதே வாரத்தில் அலுவலகத் தலைவருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு. அப்புறம் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு: நான் சேர்ந்த நாள் முதல் மஸ்டர் ரோல் நகல், கூலி வழங்கிய வவுச்சர் நகல், எந்தக் கணக்குத் தலைப்பில் செலவு எழுதினார்கள் என்ற விவரம், அந்த அலுவலகத்தில் என் வேலைக்கு உரிய பணியிடம் எந்த ஆண்டு சரண்டர் ஆனது என்ற விவரம். கடைசிக் கேள்வியை மறக்காமல் கேளுங்கள், பலருக்கு வழக்கு அதில்தான் திறக்கும். பழைய மஸ்டர் ரோலைக் கால அளவு முடிந்தது என்று அழித்துவிடுவார்கள், அதனால் வழக்குப் போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். பழைய பேங்க் பாஸ்புக், அடையாள அட்டை, தேர்தல் வேலைக்கு அனுப்பிய மெமோ, எதுவானாலும் தூக்கிப் போடாதீர்கள்.

மாதிரி மனு அச்சடித்து வாசல் மேஜையில் வைத்திருக்கிறோம். எழுதப் படிக்கச் சிரமம் இருக்கிறவர்கள் கிளம்பிவிடாதீர்கள், நாலு பேர் உட்கார்ந்து நிரப்பித் தருவார்கள். முனியம்மாவா முனியம்மாளா என்பதை ஆதாரைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.