நண்பர் வீட்டில் ஓர் இரவு

பெற்றோர்களே, வணக்கம். "இன்னிக்கு ராத்திரி அவ வீட்டுலயே தங்கிக்கட்டுமா?" என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் இதற்குப் பல பெயர்கள். 'ஸ்லம்பர் பார்ட்டி' என்றால் அமெரிக்கர்களுக்குப் பெண் பிள்ளைகளின் கூட்டம்தான் நினைவுக்கு வரும். பையன்கள் அப்படிச் சொல்லக் கூச்சப்படுவார்கள். 'ஸ்லீப்ஓவர்' எல்லோருக்கும் பொது. அண்மையில் புழக்கத்துக்கு வந்தது 'ஸ்லீப்அண்டர்'. இரவு உடையோடு போய், விளையாடி, சாப்பிட்டு, தூங்கும் நேரத்துக்கு வீடு திரும்பிவிட வேண்டும். பெற்றோரின் பயம் பெற்ற பிள்ளை அது. ஆறு வயதுக் குழந்தைக்குச் சரி. பதினாலு வயதுக்காரருக்கு? விளக்கை அணைத்த பிறகுதானே விஷயமே தொடங்குகிறது! முகம் தெரியாத இருட்டில், பகலில் வாயில் வராத பேச்செல்லாம் வரும். அதற்காகத்தான் போகிறார்கள்.

நள்ளிரவு வரை விழித்திருப்பதை முழுக்கக் குறும்பு என்றும் சொல்ல முடியாது. பருவ வயதில், தூக்கம் வரச் செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் சுரப்பதே தாமதமாகத்தான் தொடங்குகிறது. ஆனாலும் 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதனால் மறுநாள் விடுமுறையாக இருக்கட்டும்.

சில பிள்ளைகள் இரவு இரண்டு மணிக்கு "வந்து கூட்டிட்டுப் போங்க" என்று அழுவார்கள். கேலி செய்யாதீர்கள். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. புது இடத்தில் முதல் இரவு, மூளையின் இடது பாதி வலது பாதியைவிட லேசாகத்தான் தூங்குகிறதாம். ஆய்வில் படுத்தவர்கள் வளர்ந்த இளைஞர்கள். அவர்களுக்கே அப்படி! "எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் வருவேன், ஏன்னு கேக்க மாட்டேன்" என்று கிளம்பும்போதே சொல்லி அனுப்புங்கள். காரணம் சொல்லியாக வேண்டும் என்ற பயத்திலேயே சில பிள்ளைகள் கூப்பிடாமல் இருந்துவிடுகிறார்கள்.

அப்புறம், அந்த வீட்டாரிடம் கேட்க வேண்டியவை. அன்றிரவு வீட்டில் பெரியவர் யார் இருப்பார்கள், வேறு விருந்தாளி உண்டா, பிள்ளைகள் எந்த அறையில் படுப்பார்கள், போன் யார் கையில் இருக்கும், இரவு உடையில் படம் எடுத்து யாருக்காவது அனுப்புவார்களா? கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும், கேளுங்கள். உங்கள் வீட்டுக்கு வரும் பிள்ளையின் பெற்றோர் கேட்டால் நீங்களும் பதில் சொல்லுங்கள். முகம் சுளிக்கிற வீடாக இருந்தால், வயது என்னவானாலும் அங்கே ஸ்லீப்அண்டர் போதும்.