ஸ்ட்ரோக் டாக்டர் ஆக எந்தப் படிப்பு, எத்தனை வருஷம்? ஒரு தந்தையின் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். இங்கே பெங்களூரு பாணஸ்வாடியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். "வணக்கம் டாக்டர். என் மகள் எம்.பி.பி.எஸ். கடைசி வருஷம் படிக்கிறாள். போன வருஷம் என் அண்ணனுக்கு வாதம் அடித்தபோது, தொடை வழியாகக் கம்பி விட்டு மூளையில் இருந்த ரத்தக்கட்டியை எடுத்தார்கள். மறுநாள் கையைத் தூக்கினார். அதைப் பார்த்ததிலிருந்து இந்த வேலைதான் செய்வேன் என்கிறாள். இதற்கு நியூராலஜி படித்தால் போதுமா, ரேடியாலஜி படிக்க வேண்டுமா? எத்தனை வருஷம் ஆகும்? எக்ஸ்ரே கதிரில் நிற்கிற வேலை என்கிறார்கள், பெண் பிள்ளைக்குச் சரிப்படுமா?"

ஐயா, முதலில் உங்கள் அண்ணன் கையைத் தூக்கினார் என்று படித்ததில் சந்தோஷம். கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு நீங்கள் பார்த்ததில் இரண்டு வேலை இருந்தது. வாசலிலேயே பிடித்து, கை கால் பேச்சைச் சோதித்து, சி.டி. பார்த்து, கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா, கேத் லேப்புக்கு, அதாவது எக்ஸ்ரே படம் பார்த்துக்கொண்டே கம்பி விடும் அறைக்கு, கொண்டுபோகலாமா என்று முடிவெடுப்பது ஒன்று. அது ஸ்ட்ரோக் நியூராலஜிஸ்டின், அதாவது வாதம் பார்க்கும் மூளை நரம்பு மருத்துவரின் வேலை. கம்பி விட்டுக் கட்டியை எடுப்பது இன்னொன்று, அது இன்டர்வென்ஷனிஸ்டின் வேலை. சில இடங்களில் ஒரே ஆள் இரண்டையும் செய்வார், பல இடங்களில் இரண்டு பேர். உங்கள் மகளுக்கு எதில் ஆசை என்று அவளிடமே கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டாவதைப் பார்த்து மயங்கித்தான் வருகிறார்கள், அதில் தப்பில்லை.

இது எவ்வளவு புதிய துறை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படிப்பு வழி இவ்வளவு குழப்பமாக இருப்பதற்குக் காரணமே அதுதான். கரைக்கும் ஊசிக்கு அமெரிக்காவில் 1996ல் அனுமதி கிடைத்தது. முதல் மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்றிருந்தது, 2008ல் வந்த ஒரு ஆய்வுக்குப் பிறகு நாலரை மணி நேரமாக நீண்டது. கம்பி விட்டு எடுக்கும் முறைக்கு 2013ல் பெரிய அடி. ஒரே நேரத்தில் வெளியான மூன்று ஆய்வுகளிலும் இதனால் கூடுதல் பலன் தெரியவில்லை. சாதனங்கள் பழசு, பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று எல்லா நோயாளிகளிடமும் படம் எடுத்து உறுதி செய்யவும் இல்லை. அடுத்த வருஷக் கடைசியில் நெதர்லாந்து ஆய்வு வந்தது. அதைத் தொடர்ந்து 2015ல் வரிசையாக இன்னும் நான்கு. ஐந்திலும் பலன். அந்த ஐந்தையும் சேர்த்துப் பார்த்தபோது, பெரிய ரத்தக்குழாய் அடைத்தவர்களில் கட்டியை எடுத்தவர்கள் நூற்றுக்கு 46 பேர் மூன்று மாதத்தில் தங்கள் வேலையைத் தாங்களே பார்க்கும் நிலைக்கு வந்தார்கள். மருந்து மட்டும் கொடுத்தவர்களில் அது 26, 27 பேர்தான். 2018க்குள் சரியாகத் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரை செய்யலாம் என்றும் ஆனது. ஆக, இன்றைய வடிவில் இந்த வேலைக்குப் பத்துச் சொச்சம் வயதுதான். இதற்கென்று ஒரே ஒரு நேர்ச்சாலை இன்னும் போடப்படவில்லை.

மூன்று பக்கத்திலிருந்து வருகிறார்கள். எம்.பி.பி.எஸ். இன்டர்ன்ஷிப்போடு ஐந்தரை வருஷம். இது எல்லோருக்கும் பொது. அதன் பிறகு முதல் வழி நியூராலஜி: நீட் பி.ஜி. எழுதி எம்.டி. ஜெனரல் மெடிசின் மூன்று வருஷம், பிறகு நீட் எஸ்.எஸ். என்ற அடுத்த நுழைவுத் தேர்வு எழுதி, எம்.டி.க்கு மேற்பட்ட சிறப்புப் பட்டமான டி.எம். அல்லது டி.ஆர்.என்.பி. நியூராலஜி மூன்று வருஷம். நிம்ஹான்ஸ், எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ. போன்றவற்றுக்கு ஐ.என்.ஐ. எஸ்.எஸ். என்று தனித் தேர்வு. இதோடு பதினொன்றரை வருஷம் ஆயிற்று. நியூராலஜிஸ்ட் ஆகிவிடுவாள், ஊசி போடலாம், ஸ்ட்ரோக் யூனிட் நடத்தலாம், ஆனால் கம்பியைத் தொட முடியாது. அதற்கு மேலே ஃபெல்லோஷிப் என்ற கைப்பயிற்சி, ஒன்றிலிருந்து இரண்டு வருஷம்.

இரண்டாவது, எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்க்கும் படிப்பான எம்.டி. ரேடியாலஜி மூன்று வருஷம், பிறகு நியூரோ இமேஜிங் அண்ட் இன்டர்வென்ஷனல் நியூரோரேடியாலஜி என்ற டி.எம். மூன்று வருஷம். டெல்லி எய்ம்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா, நம் ஓசூர் ரோட்டு நிம்ஹான்ஸ் இவற்றில் இருக்கிறது. இதுவும் பதினொன்றரை வருஷம், ஆனால் கடைசி மூன்று வருஷத்திலேயே கம்பி கைக்கு வந்துவிடும். மூன்றாவது நியூரோசர்ஜரி, அதாவது மூளை அறுவை சிகிச்சை வழி. எம்.எஸ். முடித்து எம்.சிஎச். என்ற மேல்பட்டம், அல்லது எம்.பி.பி.எஸ்.க்குப் பிறகு நேராக ஆறு வருஷம். அதன் மேல் ஃபெல்லோஷிப். அறுவை சிகிச்சையில் ஆசை இல்லாதவர்களுக்கு அந்த வழியை நான் சொல்லவே மாட்டேன்.

ஒரு சுவாரசியம். மூளை ரத்தக்குழாய்களை முதன்முதலில் படம் பிடித்தவர் ரேடியாலஜிஸ்ட் இல்லை. 1927ல் லிஸ்பனில் அதைச் செய்த எகாஸ் மோனிஸ் ஒரு நியூராலஜிஸ்ட். நடுவில் பல பத்தாண்டுகள் நியூராலஜிஸ்ட்கள் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது திரும்பி வந்து "எங்களுக்கும் இடம் கொடுங்கள்" என்கிறோம். ரேடியாலஜி நண்பர்கள் முறைக்கிறார்கள். இந்தச் சண்டை உங்கள் மகள் காலத்திலும் தீராது.

எது நல்லது? நான் நியூராலஜிக்காரன், என் பேச்சில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் நியூராலஜி வழியைத்தான் சொல்வேன். ஏன் என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன்.

காலை ஏழு மணிக்கு ஓசூர்ப் பக்கத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவருகிறார்கள் என்று வையுங்கள். அத்திப்பள்ளி தாண்டி, சில்க் போர்டு நெரிசலில் நின்று, எட்டரைக்கு உள்ளே வருகிறார். வலது கை வரவில்லை, வாய் கோணியிருக்கிறது, பேச்சு இல்லை. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் மனைவி சொல்வார், "எழுந்தப்பவே இப்படித்தான் சார் இருந்தார்." அப்படியானால் நாங்கள் கணக்குப் போட வேண்டியது அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. ராத்திரி பத்து மணிக்குப் படுத்தார், ஆக பத்தரை மணி நேரம். ஊசிக்கான நேரம் போய்விட்டது. அங்கேயே நிறுத்தாமல் கேட்க வேண்டும்: ராத்திரி நடுவில் எழுந்தாரா? பாத்ரூம் போனாரா? தண்ணீர் கேட்டாரா? மகள் யோசித்துச் சொல்கிறாள், "அஞ்சு மணிக்கு எழுந்து மோட்டார் போட்டார், என்னைக்கூடத் திட்டினார்." திட்டினார் என்றால் பேச்சு இருந்தது, மோட்டார் போட்டார் என்றால் கை இருந்தது. பத்தரை மணி நேரம் மூன்றரை மணி நேரமாகிவிட்டது. சி.டி.யில் ரத்தக்கசிவு இல்லை, வேறு தடையும் இல்லை என்றால் ஊசி போடலாம். பெரிய குழாய் அடைத்திருந்தால் கையோடு கேத் லேப்புக்கும் போகலாம்.

இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிவதற்குத்தான் அந்த டி.எம். மூன்று வருஷம். இன்னொன்றும் உண்டு. வலிப்புக்குப் பிறகு வரும் கை பலவீனம், சர்க்கரை குறைந்து வரும் உளறல், ஒற்றைத் தலைவலியோடு வரும் மரமரப்பு எல்லாம் ஸ்ட்ரோக் வேஷம் போட்டுக்கொண்டு வரும். பெங்களூரில் இதோடு மொழியும் சேர்கிறது. அல்சூர்த் தமிழர் ஒருவரிடம் கன்னடத்தில் "கை எத்தி" என்று சொல்லி, அவர் தூக்காததால் பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதி போய்விட்டது என்று குறித்துவைக்கிற வாய்ப்பு உண்டு. தமிழில் சொன்னால் தூக்குவார். யாரைக் கேத் லேப்புக்குக் கொண்டுபோகக் கூடாது என்று தெரிந்தவர் கையில் கம்பி இருப்பது நல்லது என்பது என் கட்சி.

கைவேலையும் லேசானதில்லை. தொடையிலோ மணிக்கட்டிலோ தமனிக்குள் நுழைந்து, கழுத்து வரை பெரிய குழாய், அதற்குள் சின்னக் குழாய், அதற்குள் முடி போன்ற கம்பி. எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டே கட்டியைத் தாண்டிப் போக வேண்டும். கம்பி வலையை விரித்துச் சில நிமிஷம் காத்திருக்க வேண்டும், கட்டி வலையில் சிக்குவதற்கு. பிறகு உறிஞ்சிக்கொண்டே மெதுவாக இழுப்பது. வெளியே துணியில் தட்டினால் கருஞ்சிவப்பாக ஒரு சின்னத் துண்டு. அது ஒரு ஆளின் பேச்சை நிறுத்தியிருந்தது என்று நம்பவே முடியாது. தவறாகத் தள்ளினால் குழாய் கிழியும். இதைப் புத்தகத்தில் கற்க முடியாது. ஐயா, நான் அழுத்திச் சொல்வது இங்கேதான். ஃபெல்லோஷிப் தேடும்போது மருத்துவமனைப் பெயரை மட்டும் பார்க்க வேண்டாம். அங்கே முந்தைய வருஷம் படித்தவரைத் தேடிப் பிடித்துக் கேட்கட்டும்: "கம்பி உன் கையில் இருந்ததா, இல்லை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாயா?" பெரிய பெயர் உள்ள இடத்தில் நின்று பார்த்துவிட்டுச் சான்றிதழோடு வருபவர்கள் உண்டு. நியூராலஜிஸ்ட்களுக்கான ஃபெல்லோஷிப்புகள் பலவும் அந்தந்த நிறுவனம் தரும் சான்றிதழ்தான், டி.எம். போன்ற பட்டம் இல்லை. அதனால் நாளைக்கு வேலை கொடுப்பவர் பார்ப்பது, எத்தனை நோயாளிக்குத் தன் கையால் செய்தாள் என்று குறித்த கேஸ் புத்தகத்தை.

கதிரைப் பற்றிக் கேட்டீர்கள். நியாயமான கவலை, ஆனால் கட்டுப்படுத்தக்கூடிய கவலை. ஈய ஏப்ரன், கழுத்துக்குத் தைராய்டு காப்பு, ஈயக் கண்ணாடி, நெஞ்சில் அளவு பார்க்கும் பேட்ஜ். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, ஐந்து வருஷச் சராசரியாக வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு), எந்த ஒரு வருஷத்திலும் 30க்கு மேல் போகக் கூடாது. கர்ப்பம் என்று தெரிவித்த பிறகு கருவுக்கு 1 மில்லிசீவர்ட் என்று தனி வரம்பு. அந்த மாதங்களில் கேத் லேப்பை விட்டு வார்டும் ஓ.பி.யும் பார்ப்பவர்கள் உண்டு. இதற்காகப் பெண் பிள்ளையைத் தடுக்க வேண்டியதில்லை. நிஜத்தில் உடம்பைப் படுத்துவது அந்த ஏப்ரனின் கனம்தான். இடுப்பு வலி இல்லாத இன்டர்வென்ஷனிஸ்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

கதிரைவிடப் பெரிய விஷயம் தூக்கம். ஸ்ட்ரோக் நேரம் பார்த்து வருவதில்லை. ஒரு மருத்துவமனையில் இந்த வேலைக்கு ஒரே ஆள் என்றால் வருஷம் முழுக்க அவர்தான் ஆன் கால். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் போன் வந்தால் எழுந்துவிட வேண்டும். வேலையில் சேரும்போது சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, "ஆன் கால் பங்கிட எத்தனை பேர் இருக்கிறோம்?" மூன்று பேர் என்றால் வாழலாம்.

வேலை கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனசில் இருக்கும். கிடைக்கும். பெங்களூரு, சென்னை, ஐதராபாத் மாதிரி நகரங்களில் இன்டர்வென்ஷன் செய்பவர்கள் குவிகிறார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாதிரி ஊர்களுக்குத் தேவை வேறு. அங்கே ஊசியைத் தைரியமாகப் போட்டு, யாரை உடனே அனுப்ப வேண்டும் என்று தெரிந்த நியூராலஜிஸ்ட் ஒருவர் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. கேத் லேப் இல்லாத ஊரிலும் ஸ்ட்ரோக் டாக்டருக்கு முழு வேலை இருக்கிறது.

இப்போதைக்கு அவள் முடிவெடுக்க வேண்டியது ஒன்றுதான்: நீட் பி.ஜி. ரேங்க் வந்ததும் ஜெனரல் மெடிசினா ரேடியாலஜியா என்பது. ரேடியாலஜி கிடைக்க இன்னும் நல்ல ரேங்க் வேண்டும், போட்டி அதிகம். கிடைத்துவிட்டதே என்று மட்டும் எடுத்துவிட வேண்டாம். இன்டர்ன்ஷிப்பில் விருப்பப் பிரிவு கேட்பார்கள் இல்லையா, அதில் இரண்டு வாரம் ஏதாவது ஒரு ஸ்ட்ரோக் யூனிட்டில் ராத்திரி டியூட்டியாகக் கேட்டு வாங்கட்டும். பகல் டியூட்டி வேண்டாம். அதன் பிறகும் இதே பேச்சு பேசினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், எம்.டி. எங்கே படிக்கலாம் என்று அப்போது பேசுவோம்.