நான்காம் இடத்தில் நிற்கும் நெருப்பு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"இறைஞானத்துக்கு வழி கற்ற கல்வியா, பெற்ற அனுபவமா?" இதுதான் இன்றைய தலைப்பு; அனுபவமே என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் பேசி முடிக்கும்போது ஒரு கல்லை எறிந்துவிட்டு உட்கார்ந்தார். "அனுபவம் என்று சொல்லி யாரும் எதையும் உளறலாம், அளந்து பார்க்கக் கோல் உண்டா?" உண்டு ஐயா. ஜெர்மனியின் கோர்லிட்ஸ் நகரத்தில் செருப்புத் தைத்தவரிடம் இருக்கிறது.

யாக்கோப் பேமே, 1575இல் பிறந்தவர், பல்கலைக்கழகப் படி ஏறாதவர். 1600இல் வெள்ளீயத் தட்டில் பட்டுத் தெறித்த ஒளியில் அவருக்கு உள்ளே ஏதோ திறந்தது. பல ஆண்டு பல்கலைக்கழகத்தில் இருந்து கற்பதைவிட அதிகத்தைக் கால்மணி நேரத்தில் கண்டதாகப் பின்னாளில் எழுதினார். மறுநாளே மேடை போட்டாரா? 1612இல்தான் 'அரோரா' என்ற தன் முதல் நூலை எழுத உட்கார்ந்தார், அதுவும் தன் நினைவுக்காக. கைப்பிரதி கைமாறிப் பரவியதும் போதகர் கிரிகோர் ரிக்டர் கொதித்தார். 1613இல் நகரமன்றம் பிரதியைப் பறித்து, எழுதக்கூடாது என்றது. சில ஆண்டுகள் அடங்கித்தான் இருந்தார்.

இப்போது கோலுக்கு வருகிறேன். படைப்பிலும் மனிதனுக்குள்ளும் ஏழு ஊற்றுகள், அதாவது ஏழு மூல ஆற்றல்கள், என்கிறார் பேமே. துவர்ப்பு இறுக்கிச் சுருக்கும். இனிப்பு நீராய் நெகிழ்த்தும். இரண்டும் மல்லுக்கட்டுகிற இடத்தில் கசப்பு, நிலைகொள்ளாத சக்கரம்போல. நான்காவது நெருப்பு. அதில் தன்னிச்சை, அதாவது 'என் விருப்பமே நடக்கவேண்டும்' என்ற பிடிவாதம், எரிந்துபோனால் ஐந்தாவதாக அன்பின் ஒளி, பிறகு ஒலி, கடைசியாக இவையெல்லாம் குடியேறும் உடல். (முதல் மூன்றும் நம் நாக்குக்குத் தெரிந்த சுவைகளாகவே இருப்பது ஒரு வசதி!)

கெடுவது எங்கே? நான்காம் இடத்தில். தன்னிச்சை அடங்க மறுத்தால் அதே நெருப்பு கோபமாகவே நின்றுவிடும், ஒளி பிறக்காது. காட்சி கண்டேன் என்கிறவருக்குச் சினமும் செருக்கும் கூடியிருந்தால் அவர் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று யாருக்கும் தெரியும். எதிரணி கேட்ட கோல் இதுதான்.

பயிற்சியும் ஓர் உரையாடல் நூலில் சொல்லியிருக்கிறார். கடவுளின் குரலை எப்படிக் கேட்பது என்று சீடன் கேட்க, உன் விருப்பத்தையும் நினைப்பையும் ஒரு மணி நேரம் ஓயவை என்கிறார் குரு. பலர் நினைப்பை மட்டும் அடக்கப் பார்க்கிறார்கள். "எனக்குக் காட்சி வரவேண்டும்" என்பதும் விருப்பம்தானே? அது உள்ளே உட்கார்ந்திருக்கும்வரை எத்தனை மணி நேரம் கண்மூடினாலும் கேட்பது நம் குரல்தான்.

உப்பு, கந்தகம், பாதரசம் என்று ரசவாதச் சொற்களைப் படித்தவர்களிடம் கடன் வாங்கினாரே என்பார்கள். வாங்கினார், மறுக்கவில்லை. அவர் எழுத்து கரடுமுரடாக இருப்பதற்கு அந்தக் கடனும் ஒரு காரணம்.

1624 நவம்பரில், மரணப்படுக்கையில் கிடந்தவருக்குத் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் தரும் கிறிஸ்தவச் சடங்கு) கொடுக்குமுன் வேறொரு போதகர் கேள்விமேல் கேள்வி கேட்டு விசுவாசத்தைச் சோதித்தார். எதிரணித் தலைவர் அன்று அங்கே இருந்திருந்தால் துணைக்கேள்வியும் கேட்டிருப்பார். மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, வருகிறேன்.